இரைச்சல் போகட்டும் என்று எர்த் பின்னை அறுக்காதீர்கள்

ஹோம் தியேட்டர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். அண்மையில் ஒரு வீட்டுக்குப் போனேன். கல்லூரியில் படிக்கும் பையன், கம்ப்யூட்டரை அசெம்பிள்டு 5.1 ஆம்ப்பில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபரை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) இணைத்து வைத்திருந்தான். "அண்ணா, சென்டர் ஸ்பீக்கர்ல வசனமே வரல, சப்வூஃபர்ல யாரோ முனகுற மாதிரி இருக்கு" என்றான்.

பின்பக்கம் கைவிட்டு ஆம்ப்பின் பாடியைத் தொட்டேன். விரலில் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்தால் எரிகிறது. கம்ப்யூட்டர் கேபினெட்டில் வைத்தேன், அங்கும் எரிந்தது. கம்ப்யூட்டரின் பவர் கார்டை உருவிப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் பின் இல்லை, ஆக்ஸா பிளேடால் அறுத்திருந்தார்கள்.

"ம்ம்ம்னு இரைச்சல் வந்துச்சுண்ணா. தெரிஞ்சவர் ஒருத்தர் இதை எடுத்துட்டா போயிடும்னார். போயிடுச்சு."

போகத்தான் செய்யும். அதனால்தான் பலரும் இந்த யோசனையை நம்பிவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எர்த்துக்குக் கசிந்துகொண்டே இருக்கும், அது இயல்பு. எர்த் இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டில் நிற்கும். ஆம்ப் இரண்டு பின் பிளக். ஆனால் ஆடியோ கேபிளின் உள்ளே வயரைச் சுற்றியிருக்கும் உலோக வலை கேபினெட்டையும் ஆம்ப் பாடியையும் இணைக்கிறதே! இதுவரை அந்தக் கசிவெல்லாம் அதே ஆம்ப்பில் இணைத்த செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயர் வழியாக வெளியே போயிருக்கிறது. வெள்ளையடிப்பதற்காக அந்த வாரம் அந்த வயரைக் கழற்றிவிட்டார்கள். அப்புறம்தான் ஷாக்.

கசிவு என்பதால் சுருக்கோடு போயிற்று. எஸ்எம்பிஎஸ்ஸில் இன்சுலேஷன் பழுதாகி லைன் நேராகக் கேபினெட்டைத் தொட்டால் முழு 230 வோல்ட்டும் ஆம்ப்புக்கு வந்திருக்கும். பையனின் அம்மா தினமும் ஈரத்துணியால் அதைத் துடைப்பாராம். அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

முதலில் மூன்று பின் உள்ள புது கார்டு போட்டேன். கம்ப்யூட்டர், ஆம்ப், செட் டாப் பாக்ஸ் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன். கேபிள் டிவி வயரை மாட்டியதும் பழைய 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தது, கழற்றியதும் நின்றது. ஆக, வீட்டு எர்த் ஒருபக்கம், தெருவிலிருந்து வரும் வயரின் எர்த் இன்னொருபக்கம், இரண்டும் ஆடியோ கேபிள் வழியாக வளையம் போட்டிருக்கின்றன. கேபிள் டிவி வயரில், சிக்னலை மட்டும் விட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டேன். சத்தம் சுத்தமானது.

கம்ப்யூட்டருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டும் இந்த இரைச்சலைத் தீர்க்கலாம். அதில் போவது வெளிச்சம்தான், மின் தொடர்பே கிடையாது. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் உள்ள படங்கள் 5.1ஆகவே வரும். ஆனால் கேம் சத்தம் பெரும்பாலும் ஸ்டீரியோவாகத்தான் போகும். கேம் சத்தத்தை அப்போதைக்கப்போதே மாற்றி அனுப்பும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வசதி மதர்போர்டில் இருந்தால்தான் 5.1. பையன் கேம் ஆடுபவன் என்பதால் பழைய மூன்று கேபிள்களையே வைத்துக்கொண்டோம்: பச்சை ஜாக் முன் ஸ்பீக்கர்களுக்கு, கருப்பு பின்புறத்துக்கு, ஆரஞ்சு சென்டருக்கும் சப்வூஃபருக்கும்.

அவன் கூப்பிட்ட குறை அந்த ஆரஞ்சில்தான் இருந்தது. ஒரே ஜாக்கில் ஒரு வயர் சென்டர், இன்னொன்று சப்வூஃபர். ஆம்ப் பக்கம் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்களை இடம் மாற்றிச் செருகினேன், வசனம் சென்டருக்கு வந்துவிட்டது. விண்டோஸில் 5.1 தேர்ந்தெடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரையும் டெஸ்ட் செய்து பார்த்தோம்.

ஆடியோ கேபிள் மாற்றும்போதெல்லாம் கம்ப்யூட்டர், ஆம்ப் இரண்டின் பிளக்கையும் உருவிவிடுங்கள். ஆர்சிஏ பின்னில் நடு ஊசிதான் முதலில் தொடும். எர்த் சரியில்லாத வீட்டில் கசிவு மின்சாரம் நேராக ஆடியோ சிப்புக்குப் போய் அதைக் கெடுத்துவிடலாம். அப்புறம், சுவரில் மூன்று ஓட்டை இருந்தாலே எர்த் இருக்கிறது என்று பொருளல்ல. பழைய வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது அறுத்த கார்டை அந்த வீட்டில் விட்டுவர மனம் வரவில்லை. வேறு எதற்காவது எடுத்து மாட்டிவிடுவார்கள். கடைக்குக் கொண்டுவந்து நடுவில் நறுக்கிக் குப்பையில் போட்டேன்.