ட்ரவலர்: பயணியா, அலைகுடியா?

"பயணிகளுக்கான வீடமைப்புக் கொள்கை" என்று இன்னொரு தடவை வாசித்தால் எனக்கு பிரஷர் ஏறும். அயர்லாந்து, இங்கிலாந்து அரசுகளின் வீடமைப்புச் சட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ட்ரவலர் என்ற சொல்லுக்குப் 'பயணி' என்றே போடுகிறார்கள். கொழும்பில் பயணி என்றால் யார்? காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர். அவருக்கு அரசாங்கம் ஏன் வீடு கட்டிக்கொடுக்க வேண்டும் என்று வாசகர் கேட்டால் அது வாசகரின் பிழை இல்லை.

அயர்லாந்தில் ட்ரவலர் என்பது ஓர் இனக்குழுவின் பெயர். பல நூற்றாண்டுகளாக அந்த மண்ணிலேயே இருக்கிறவர்கள், இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ரோமா மக்களும் அல்ல. ஊர் ஊராகப் போய்த் தகர வேலை செய்து, குதிரை விற்றுப் பிழைத்தவர்கள். தங்களுக்குள் மின்கேர் என்பார்கள். ஐரிஷ் மொழியில் லுக்ட் ஷூல், அதாவது நடக்கிற சனம். தகர வேலையை வைத்து முன்பு வழங்கிய ஆங்கிலப் பெயர் இப்போது வசைச்சொல். தொழிற்பெயர் வசையாகிப்போன கதை நமக்கும் புதிதில்லை. 2017 மார்ச் 1ஆம் திகதி பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் இவர்களைத் தனி இனக்குழுவாக அரசு ஏற்பதாக அறிவித்தார். 2022 கணக்கெடுப்பில் 32,949 பேர்.

பயணிக்காரர்கள் சொல்லும் நியாயம் இதுதான்: "அவர்களே தங்களை அப்படித்தான் அழைக்கிறார்கள், நேரே மொழிபெயர்த்தால் என்ன?" பெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா? அதை விடுங்கள், பொருளும் பொருந்தவில்லை. பயணி என்றால் புறப்பட்ட இடம் ஒன்று, இறங்குகிற இடம் ஒன்று, இடையில் டிக்கட். இறங்கியதும் அவர் பயணி இல்லை. ட்ரவலர் அப்படியா? டப்ளினில் சாதாரணக் கல்வீட்டில் பிறந்து, அதே வீதியில் வளர்ந்து, வாகனத்தில் கட்டி இழுக்கும் கரவன் வண்டியில் ஒரு இரவுகூடத் தூங்காதவரும் ட்ரவலர்தான். தாத்தா ட்ரவலர், அதனால் பேரனும் ட்ரவலர்.

இது வெறும் சொற்சண்டை என்று நினைப்பவர்கள் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். அங்கே 2015இல் அரசு தன் காணித் திட்டமிடல் கொள்கையில் வரைவிலக்கணத்தை மாற்றியது. முதுமையாலோ நோயாலோ நிரந்தரமாக அலைவதை நிறுத்தியவர்கள் அந்தக் கொள்கையின் கணக்கில் ஜிப்சியும் இல்லை, ட்ரவலரும் இல்லை என்றாகிவிட்டது. கால் முடியாமல் கரவனில் படுத்திருக்கிற கிழவி பயணம் செய்யவில்லையாம், ஆகவே அவள் பயணி இல்லையாம். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இது சட்டவிரோதப் பாகுபாடு என்றது, 2023 டிசம்பரில் அரசு பழைய வரைவிலக்கணத்துக்கே திரும்பியது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழில் செய்கிற அதே பிழையை ஓர் அரசு கொள்கையாகவே செய்து, நீதிமன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது.

இதைவிடக் கூத்து 'பயணிகள் தரிப்பிடம்'. அயர்லாந்தின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ட்ரவலர் மக்களுக்கான தங்குமிடத் திட்டத்தை உள்ளூராட்சி சபைகள் தயாரித்தே ஆக வேண்டும். சாதாரண வீடுகள் உண்டு, உறவுக்காரர் சேர்ந்திருக்கும் தொகுதி வீடுகள் உண்டு, கரவன்களை நிறுத்தி, தண்ணீர், கரண்ட் எடுத்து, அதிலேயே வாழ்வதற்கான வளவுகளும் உண்டு. ஆங்கிலத்தில் ஹோல்ட்டிங் சைட் எனப்படும் இந்த வளவுக்குத்தான் தரிப்பிடம் என்று போட்டிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிழையில்லை, ஆனால் வெள்ளவத்தையில் நிற்கிறவருக்கு அது பஸ் ஹோல்ட். 'கரவன் குடியிருப்பு' என்றால் முடிந்தது. 'பாடி' என்ற பழஞ்சொல்லும் அழகுதான், ஆயர்பாடி, பாடிவீடு எல்லாம் இருக்கின்றன, ஆனால் இன்று பாடி என்றால் சவம் என்றுதான் காதில் விழும்.

என் கட்சி இது. அயர்லாந்தின் அந்த இனக்குழுவைச் சொல்லும்போது ட்ரவலர் என்றே எழுதுங்கள். அது பெயர். ரோமா, ஜிப்சி, ட்ரவலர் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அலைகுடி'. இது என் கண்டுபிடிப்பு அல்ல, மானிடவியல் எழுதுகிறவர்கள் ஏற்கெனவே வழங்குவதுதான். 'நாடோடி' ஏன் வேண்டாம்? நாடோடிப் பாடல் என்று சொல்லும்போது இனிக்கிறது, ஆளைப் பார்த்து நாடோடி என்றால் ஏச்சு. வீடுவாசல் இல்லாமல் திரிகிறவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் இலங்கையின் 1841ஆம் ஆண்டு அலைவோர் கட்டளைச்சட்டத்தின் வாடை அதில் இன்னும் இருக்கிறது.

அலைகுடியிலும் 'அலை' இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் பாரம் முழுக்கக் குடியில். அலைச்சல் நின்றாலும் குடி நிற்கும். மட்டக்களப்புப் பக்கத்தில் தாய்வழி வருகிற குடி ஊர்விட்டு ஊர் போனாலும் மாறாது. அக்கரைப்பற்றுக்கு அருகே அளிக்கம்பையில் நாம் வனக்குறவர் என்று சொல்லும் மக்கள் ஒரே இடத்தில் நிலைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, வீட்டுக்குள் இன்னும் தெலுங்கு வழி வந்த பேச்சு இருக்கிறது. அவர்களைப் பயணி என்று கூப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். குடி என்றால் சாராய ஞாபகம் வரும் என்று ஒருவர் சொன்னார். குடியுரிமை, குடியரசு, குடிசன மதிப்பீடு என்று சொல்லும்போது யாருக்கு வந்தது?

அடுத்தது ஹோம்லெஸ் என்பதற்குப் போடுகிற 'வீடற்றோர்'. இதே ஆவணங்களில் பக்கத்திலேயே வரும். கொழும்பில் வீடு இல்லை என்றால் சொந்த வீடு இல்லை என்று அர்த்தம். அனெக்ஸ் எடுத்து மாதம் வாடகை கட்டுகிறவரும் "எங்களுக்கு வீடில்லை" என்பார், தேர்தல் காலத்தில் வீடற்றோருக்கு வீடு என்று வாக்குறுதி தருவதும் அவரை நம்பித்தான். ஆங்கிலச் சட்டம் சொல்வது வேறு. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம், பிரிவு 175: வாழ்வதற்கான கரவனோ படகோ இருந்தும், அதை நிறுத்தி அதிலேயே வசிக்க அனுமதி உள்ள இடம் எதுவும் இல்லையென்றால் அவரும் ஹோம்லெஸ்தான். அவருக்கு வீடு இருக்கிறது ஐயா, சில்லுப் பூட்டிய வீடு. இல்லாதது இடம். வாடகைக்கு இருக்கிறவர் வீடற்றோரில் வருகிறார், சட்டம் சொல்கிற ஆள் வெளியே நிற்கிறார்.

'வீடிலி' என்று ஒரு புதுச்சொல்லும் வந்திருக்கிறது. ஓட்டைக் கழற்றிய நத்தை மாதிரி இருக்கிறது. தத்துவம் படித்தவர் காதில் வீடு என்றால் மோட்சம், வீடிலி என்றால் முத்தி கிடைக்காதவன். 'இடமிலி' என்றாலாவது ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். எனக்கு 'தங்க இடமற்றோர்' போதும். நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஓர் ஆவணத்தில் 'வீடற்ற வீட்டுத்துறைகள்' என்று கண்டேன். பொருளியல் பாடப்புத்தகத்தில் நுகர்வோர் பக்கத்துக்கு வீட்டுத்துறை என்று படித்த ஞாபகத்தில் ஹவுஸ்ஹோல்ட் என்ற சொல்லுக்கு யாரோ போட்டிருக்கிறார். வீடில்லாத வீடு! 'குடித்தனம்' என்ற சொல்லை நம் பாட்டிமார் தனிக்குடித்தனம், பெருங்குடித்தனம் என்று நாள்தோறும் பேசினார்களே, அது எங்கே போனது? தங்க இடமற்ற குடித்தனங்கள் என்றால் வீட்டுக்குள் வீடு முட்டாது.

வீடமைப்பா வீட்டு வசதியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சென்னையில் வாரியத்தின் பெயரே வீட்டு வசதிதான், இங்கே அதிகார சபையின் பெயர் வீடமைப்பு, அவரவர் ஊரில் அவரவர் சொல். ஆனால் ட்ரவலர் அல்லாத, நிலையாக ஓரிடத்தில் வாழும் ஏனைய அயர்லாந்து மக்களைக் 'குடியேறிய சமூகம்' என்று எழுதுகிறவர்களை மன்னிக்க முடியாது. கல்லோயாவில் அரசு நடத்திய குடியேற்றத் திட்டத்துக்குப் பிறகு இந்த நாட்டில் தமிழ் வாசிக்கிற எவருக்கும் குடியேற்றம் என்றால் என்னவென்று தெரியும். அந்தச் சொல்லைப் போட்டால், டப்ளின்காரர்கள் எங்கிருந்தோ லொறியில் வந்து இறங்கி ட்ரவலர்களின் காணியைப் பிடித்ததாக ஆகிவிடும். 'நிலைகுடி' என்று போடுங்கள், அலைகுடிக்குச் சோடியாகவும் இருக்கும்.