குற்றாலத்திலிருந்து பக்கத்து ஊர்களுக்கு: சர்க்கரை நோயாளிகளும் முதியவர்களும் கவனிக்க வேண்டியவை

குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில், பேரருவியிலோ ஐந்தருவியிலோ வெள்ளம் பெருக்கெடுத்துக் குளிக்கத் தடை விதிக்கப்பட்டுவிட்டால், இரண்டு மூன்று நாள் விடுப்பில் குடும்பத்தோடு வந்தவர்கள் அறைக்குள் முடங்கிக் கிடப்பதில்லை. ஒரு வேனைப் பேசிக்கொண்டு, தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் என்று பக்கத்து ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது நல்ல முடிவுதான். மலைமேல் பெய்கிற மழை கீழே நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென இறங்கிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. தடை எப்போது நீங்கும் என்று அருவிக்கரையில் காத்துக் கிடப்பதைவிட ஊர் சுற்றுவது எவ்வளவோ மேல். ஆயினும், இப்பகுதியில் பொதுநல மருத்துவராக இருக்கும் எனக்கு, சீசன் நாட்களில் வெளியூர் முதியவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வருபவர்களிடம் விசாரிக்கும்போது பெரும்பாலும் கிடைக்கிற பதில், "பக்கத்தில்தானே டாக்டர், கோயிலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று போனோம்" என்பதுதான்.

தூரம் குறைவாக இருப்பதே இங்கே வினையாகிறது. குற்றாலத்திலிருந்து தென்காசி சுமார் ஐந்து கிலோமீட்டர். செங்கோட்டையும் அப்படியொன்றும் தொலைவில்லை. சொந்த ஊரிலிருந்து புறப்படும்போது மாத்திரை டப்பா, சர்க்கரை பார்க்கும் கருவி, பிஸ்கட், தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தவர்களே, இந்தச் சின்னப் பயணத்துக்குக் கைபேசியையும் பணப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள். ஆனால் ஒரு கோயில் என்று தொடங்குவது நான்கு ஊராகி, ஓர் அணையாகி, கடைசியில் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டரில் உள்ள பரோட்டாக் கடையில் வந்து நின்று, அறைக்குத் திரும்பும்போது மாலை மணி ஐந்து ஆகிவிடுகிறது. மதிய மாத்திரையும் மதியச் சாப்பாடும் நேரம் தவறிப்போகின்றன.

அந்த நாளின் காலைப்பொழுதைக் கவனித்தால் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். அதிகாலையில் தடை இல்லாத ஏதாவது ஓர் அருவியில் குளியல், சிலருக்கு அதற்கு முன் எண்ணெய் மசாஜ், பிறகு அறைக்கு வந்து உடைமாற்றல். பெரும்பாலான கோயில்களில் நண்பகல் வாக்கில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், "சாமி கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வேனில் ஏறிவிடுகிறார்கள். இதற்கிடையில் வீட்டுப் பெரியவர் வழக்கம்போல் ஏழரை மணிக்கே இன்சுலினைப் போட்டிருப்பார், அல்லது கிளிமிபிரைடு மாத்திரையை விழுங்கியிருப்பார். மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்; இட்லி மட்டும் வந்து சேர்ந்திருக்காது. இன்சுலின் போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் அது இன்னும் வேகமாக உடலில் கலக்கும் என்பதால், தொடையிலோ வயிற்றிலோ ஊசி போட்டுக்கொண்டு உடனே மசாஜ் மேசையில் படுப்பது நல்லதல்ல. மசாஜ் வேண்டுமென்றால் முதலில் அதை முடித்துக்கொண்டு, குளித்து, தட்டில் உணவு வந்து அமர்ந்த பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம்.

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவதைத் தாழ் சர்க்கரை நிலை என்கிறோம். அதன் முதல் அறிகுறிகள் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. குற்றாலச் சாரலில் நனைந்து, ஈரத்தலையோடு வேனில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்தால் அது யாருக்குத் தெரியும்? உடல் நடுங்கினால் குளிர் என்று சால்வையைப் போர்த்திவிடுவார்கள். இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலேயே போகலாம். அடுத்த கட்டத்தில் பேச்சு குளறும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வரும், காரணமில்லாத எரிச்சல் வரும். பிறகு கண்கள் செருகும். வேனின் பின்னிருக்கையில் தாத்தா அசந்து தூங்குகிறார் என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். அதிகாலையில் எழுந்து அருவியில் குளித்தவர் தூங்குவது இயல்புதானே என்று தோன்றும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் ஒருவர் வண்டியில் தூங்கினால், அரை மணிக்கொரு முறை அவரைத் தட்டி எழுப்பி, பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசவைத்துப் பார்ப்பதில் தவறே இல்லை. கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்கிறார் என்றால் நினைவோடு இருக்கிறார்.

சந்தேகம் வந்தால் கருவியைத் தேடிக்கொண்டிராமல், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அல்லது குளுக்கோஸ் பொடி. பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒரு முறை கொடுக்கலாம். தெளிந்த பிறகு பிஸ்கட்டோ இட்லியோ சாப்பிட வைக்க வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் அவசரத்துக்கு அது உதவாது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைப்பதோ, அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைவதோதான் செய்யத்தக்கது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் சர்க்கரை தாழ்ந்திருந்தால், ஒரு முறை சரியானது போலத் தோன்றி, சில மணி நேரத்தில் மறுபடியும் தாழக்கூடும். "எழுந்து உட்கார்ந்துவிட்டார், நாங்கள் கிளம்புகிறோம்" என்று அவசரப்படும் குடும்பங்களை மருத்துவமனையில் இருக்கச் சொல்வது அதனால்தான், கட்டணத்துக்காக அல்ல.

அடுத்தது பாதம். தென்காசி காசி விசுவநாதர் கோயில் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. சுமார் 180 அடி உயரமுள்ள இராசகோபுர வாயிலில் சீசன் காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றின் சுகத்தில் நிற்பவருக்குக் காலடியில் வெயில் ஏறிய கல் எவ்வளவு சுடுகிறது என்பது உறைப்பதில்லை. பல ஆண்டுகள் சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாத நரம்புகள் மரத்திருக்கும். அவர்களுக்குச் சூடு தெரியவே தெரியாது. காலையில் அருவித் தண்ணீரில் ஊறி மென்மையாகிப்போன தோல் வேறு. இரண்டும் சேர்ந்தால், பதினோரு மணிக்குக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பிவிடும். வலி இல்லாததால் அன்று முழுவதும் அதே காலோடு நடந்து, இரவு படுக்கை விரிப்பில் ஈரக்கறையைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். காலைக் கழுவி, விரல் இடுக்குகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பத்து மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்வது நல்லது. கல்தரையில் கால் வைப்பதற்கு முன், உடன் வருபவர் தம் புறங்கையை அதில் வைத்துப் பார்க்கட்டும். தமக்குச் சுட்டால் அவருக்கும் சுடும், அவரால் உணர முடியவில்லை என்பதே வேறுபாடு. கோயிலில் அனுமதித்தால் தடித்த பருத்தி சாக்ஸ் அணியலாம். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல், மஞ்சளோ பற்பசையோ தடவாமல், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

காற்றால் வரும் இன்னொரு தொல்லை தாகம் தெரியாமல் போவது. செங்கோட்டை, ஆரியங்காவு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இடைவெளி வழியாகக் காற்று வீசுவதால், சீசனில் இந்த ஊர்கள் குளிர்ச்சியாகவே இருக்கும். கழிப்பறையைத் தேட வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தில் பெண்கள் பலர் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையோ, டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு உடல்நீர் குறைந்து, வண்டியிலிருந்து இறங்கி நிற்கும்போது கண் இருட்டும். வேன் படியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அந்த ஒரு நொடி போதும்.

பண்பொழி திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள். மலைமேல் வரை வண்டிப்பாதை இருக்கிறது. வேண்டுதல் இருக்கிறது என்று ஏறுபவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் ஊரில் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குபவர் அந்தப் படிகளில் ஏறக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். திடீர் மூச்சுத்திணறல், குப்பென்ற வியர்வை, தாடையில் கனம், வாந்தி உணர்வு ஆகியவற்றை வாயு என்று ஒதுக்கி, சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கழிப்பது ஆபத்தானது.

பரோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னை யாரும் நம்பமாட்டார்கள். பிரானூர் பார்டரில் சீசன் ஞாயிற்றுக்கிழமை மதியம் இடம் கிடைக்கவே நெடுநேரம் ஆகும். சாப்பிடுங்கள், ஆனால் காத்திருக்கும் வேளையில் பெரியவர் பட்டினி கிடக்காமல் கையில் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ இருக்கட்டும்.

புளியரையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வரை போகிறவர்கள், வளைவுகளுக்குப் பயந்து முதியவருக்கும் வாந்தி மாத்திரை கொடுப்பதுண்டு. புரோமெத்தசின் வகை மாத்திரைகள் முதியவர்களுக்கு மயக்கத்தையும் குழப்பத்தையும் தரும். புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். அவர்களை முன்னிருக்கையில் உட்காரவைத்து, அரை வயிற்றுக்கு உணவு கொடுத்து அழைத்துச் சென்றாலே பெரும்பாலும் போதும். அச்சன்கோவில் காட்டுப்பாதையில் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது; அங்கே போவதென்றால் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. இன்சுலின் பேனாவை வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டுவிடாமல் கைப்பையில் எடுத்துச் செல்ல வேண்டும். காலையில் வேன் ஏறும்போதே, வண்டியில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், இத்தனை மணிக்குச் சாப்பிட நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். எந்த ஊரில் எந்த மருத்துவமனை எந்நேரமும் திறந்திருக்கும் என்பது உள்ளூர் ஓட்டுநர்களுக்குத் தெரியும்.