மைனஸ் இரண்டு வாங்கிய ஜோடி நன்றாகவே ஆடியிருக்கலாம்

ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் விழுந்ததும் டிவிக்காரர்கள் செய்கிற முதல் வேலை, கடைசி மூன்று வினாடியை ரீப்ளேயில் ஓட்டி, வலைக்குப் பக்கத்தில் நின்ற டிஃபென்ஸ்மேனைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது. அதோடு தீர்ப்பு எழுதியாச்சு. மறுநாள் காலை ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் "உவனை முதல்ல வித்துத் துலையுங்கோ" என்று ஆரம்பித்துவிடும். டொராண்டோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டம் என்றால் நம் ஆட்களுக்கு வருகிற கோபம் தெரிந்ததுதானே.

ஆட்ட வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, எண்களோடு சேர்த்துப் பயிற்சியாளர்கள் முன்னால் வைப்பது என் வேலை. எந்த அணிக்கு என்பது இங்கே வேண்டாம். அந்த அறையில் டிஃபென்ஸ் ஜோடிகளைப் பற்றிப் பேசும்போது அந்தக் கடைசி மூன்று வினாடிக்குத்தான் நாங்கள் குறைவாக நேரம் ஒதுக்குவோம். கோலுக்குப் பத்து, பதினைந்து வினாடி முன்னால் பக் (ஆடுகிற ரப்பர் வட்டு) எங்கே இருந்தது, அதை யார் எடுக்கப் போனார், அவருடைய ஜோடி அப்போது எங்கே நின்றார் என்பதில்தான் பேச்சு முக்கால்வாசி போகும். ரசிகர்களும் அங்கே பார்க்க ஆரம்பித்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஒரு ஆட்டத்துக்கு ஆறு டிஃபென்ஸ்மேன்கள், அதாவது மூன்று ஜோடி. ஒரு ஷிஃப்ட் நாற்பது, ஐம்பது வினாடி. அதற்குள் மூச்சு வாங்கிவிடும், பெஞ்சுக்குப் போய்விட்டு அடுத்த ஜோடியை இறக்குவார்கள். முதல் ஜோடியில் இருப்பவர் 22 முதல் 25 நிமிடம் வரை ஆடுவார், மூன்றாவது ஜோடிக்கு 15 நிமிடம் கிடைத்தாலே பெரிது. கீழே நான் சொல்வதெல்லாம் ஐந்துக்கு ஐந்து ஆடும் நேரத்தைப் பற்றி. பவர் ப்ளேயும் (எதிரணி ஆள் பெனால்டியில் வெளியே இருக்க, கூடுதல் ஆளோடு ஆடுவது) பெனால்டி கில்லும் (ஆள் குறைந்து தடுத்து ஆடுவது) தனிக் கணக்கு, அதை இதோடு கலந்தால் எல்லாம் குழம்பிவிடும்.

சரி, முதலில் ப்ளஸ்-மைனஸ். நீங்கள் ஐஸில் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் ப்ளஸ் ஒன்று, வாங்கினால் மைனஸ் ஒன்று. பவர் ப்ளேயில் போடும் கோல்கள் மட்டும் சேராது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, 1970-71 பருவத்தில் பாஸ்டன் டிஃபென்ஸ்மேன் பாபி ஓர் (Bobby Orr) ப்ளஸ் 124 வாங்கியதை இன்னும் யாரும் தாண்டவில்லை என்று பெருமையாகவும் சொல்வார்கள். ஆனால் இந்த எண்ணில் கோலியின் (வலையைக் காப்பவரின்) திறமை, கூட ஆடிய மூன்று ஃபார்வர்டுகளின் திறமை, அன்றைய அதிர்ஷ்டம் எல்லாமே கலந்து கிடக்கிறது. தோற்கிற அணி கடைசி இரண்டு நிமிடத்தில் கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்குமே, அப்போது காலி வலையில் விழுகிற கோலுக்கும் ஐஸில் இருந்த அத்தனை பேருக்கும் மைனஸ்தான். அந்த நேரத்தில் ஐஸில் இருப்பது யார்? அணியின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்கள். 2022-23 பருவத்தில் எரிக் கார்ல்சன் சான் ஹோசே ஷார்க்ஸுக்காக 101 புள்ளி (போட்ட கோலும், கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்த கணக்கு) எடுத்தார், ஒரு டிஃபென்ஸ்மேன் நூறைத் தொட்டது 1991-92க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதே பருவத்தில் அவருடைய ப்ளஸ்-மைனஸ் மைனஸ் 26. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையையும் அவருக்கே கொடுத்தார்கள். அவர் தடுப்பில் கோட்டைவிடுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நிறையவே விடுவார். அந்த 26இல் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அந்த வருடத்து ஷார்க்ஸுடையது என்று அந்த எண் உங்களுக்குச் சொல்லாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, கோல்கள் மிகக் குறைவு. ஒரு ஜோடி ஆட்டத்துக்கு 15 நிமிடம் சேர்ந்து ஆடுகிறது என்று வையுங்கள். இருபது ஆட்டத்தில் ஐந்து மணி நேரம். மணிக்குச் சுமார் இரண்டரை கோல் விழும் என்றால் மொத்தமே பன்னிரண்டு, பதின்மூன்று கோல்தான் வாங்கியிருப்பார்கள். இதில் கோலி தடுக்க வேண்டிய மூன்றை விட்டிருந்தால் நல்ல ஜோடி மோசமாகத் தெரியும், தடுக்கவே முடியாத மூன்றைத் தடுத்திருந்தால் மோசமான ஜோடி சூப்பர் ஜோடி ஆகிவிடும். அதனால்தான் கோலை விட்டுவிட்டு ஷாட் முயற்சிகளை எண்ணுகிறார்கள், வலைக்குப் போனது, வெளியே போனது, நடுவில் யாராவது தடுத்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து. அதே ஐந்து மணி நேரத்தில் எதிரணியின் முயற்சிகள் மட்டும் இருநூற்றைம்பதைத் தாண்டிவிடும், பேச ஒரு அடிப்படை கிடைக்கும். இதற்குக் கோர்சி என்று பெயர். பஃபலோ சேபர்ஸ் அணியில் கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் கோர்சி, கோலிக்கு எவ்வளவு வேலை விழுகிறது என்று பார்க்கப் பயன்படுத்திய கணக்கு அது. கடைசியில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு மேலே ஒரு படி, எங்கிருந்து அடித்த ஷாட், என்ன மாதிரி ஷாட் என்று பார்த்துக் கோல் ஆகும் வாய்ப்பை மதிப்பிடும் எக்ஸ்பெக்டட் கோல்ஸ். நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் தளத்துக்குப் போனால் ஜோடி வாரியாகவே இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் அங்கே போய் ஒரு சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து வாதாடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மூன்றாவது ஜோடியின் எண்கள் பல அணிகளில் அழகாக இருக்கும், ஏனென்றால் பயிற்சியாளர் அவர்களை எதிரணியின் மூன்றாவது, நான்காவது ஃபார்வர்டு வரிசைக்கு எதிராகத்தான் இறக்குகிறார். சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு ஆட்களைக் கடைசியாக மாற்றும் உரிமை உண்டு, எதிரணியில் கானர் மெக்டேவிட் மாதிரி ஒரு நட்சத்திர ஃபார்வர்டு இறங்கினால் முதல் ஜோடி இறங்கும், அவர் போனால் அவர்களும் போவார்கள். வெளியூரில் அந்த வசதி இல்லை. ஒரு ஜோடியை உண்மையாகப் பார்க்க வேண்டுமானால் வெளியூர் ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். அப்புறம், முன்னணியில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும், பின்தங்கிய அணி கண்டபடி ஷாட் அடிக்கும். இரண்டு கோல் முன்னிலையைக் கடைசி பத்து நிமிடம் காப்பாற்ற அனுப்பப்படும் ஜோடியின் கோர்சி கெட்டுத்தான் போகும். போகட்டும், அதற்குத்தான் அவர்களை அனுப்பினார்கள்.

அடித்த ஷாட்டை உடம்பால் தடுத்த கணக்கை வைத்து ஒருவரைச் சிறந்த டிஃபென்ஸ்மேன் என்பவர்களும் உண்டு. தைரியமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் தினமும் ஐந்து ஷாட்டை மறிக்கிறார் என்றால், தினமும் பக் அவர் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வீடியோவுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. எதிரணி நடுக்கோட்டைத் தாண்டி வந்து பக்கை உங்கள் மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வருகிறது. இடது டிஃபென்ஸ்மேன் திரும்பி ஓடுகிறார். நல்லவராக இருந்தால் பக்கைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு தடவையாவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்திருப்பார்: துரத்துகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், எவ்வளவு தூரத்தில் இருக்கிறான். அவர் முதுகு ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கிறது, கண் பக்கில். ஆக அவருக்குக் கண் அவருடைய ஜோடிதான். அந்தப் பக்கத்து ஆள் கத்துவார்: "வீல்" என்றால் பக்கோடு வலையைச் சுற்றி ஓடு, "ஓவர்" என்றால் வலைக்குப் பின்னாலேயே எனக்குத் தள்ளு, "ரிவர்ஸ்" என்றால் நீ ஓடுகிற மாதிரி ஓடி, பின்னால் வருகிறவனை இழுத்துக்கொண்டு போய், பக்கை வந்த வழியே, ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோரமாகத் திருப்பி விடு, நான் அங்கே இருப்பேன். இதெல்லாம் ஒன்றரை வினாடி விஷயம். கத்தியவர் தப்பாகக் கத்தினாலோ, கத்தாமல் வலைக்கு முன்னால் சும்மா நின்றாலோ, பக்கை எடுத்தவர் முழு மோதலையும் உடம்பில் வாங்கிக்கொண்டு, பலகைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அடித்து எப்படியாவது வெளியே தள்ளப் பார்ப்பார். அது நேராக எதிரணி டிஃபென்ஸ்மேனின் ஸ்டிக்கில் போய் விழும், பன்னிரண்டு வினாடி கழித்துக் கோல். ரீப்ளேயில் வட்டம் விழுவது மூலையிலிருந்து மூச்சிரைக்க வலைக்கு முன்னால் ஓடிவந்தவர் மேல். கிரிக்கெட்டில் தப்பான அழைப்பு கொடுத்தவர் க்ரீஸில் பத்திரமாக நிற்க, பாவம் ஓடியவர் ரன் அவுட் ஆகிப் போவாரே, அதே கதை.

அதனால் நாங்கள் குறிப்பது இதைத்தான்: பக்கை எடுக்கப் போன தடவைகளில் எத்தனை தடவை அடுத்த ஆளின் ஸ்டிக்குக்குச் சுத்தமான பாஸாக வெளியே வந்தது, எத்தனை தடவை கண்ணாடியில் அடித்துக் கைவிட்டார்கள், எத்தனை தடவை ஐஸிங் (தன் பாதியிலிருந்து அடித்த பக் யாரும் தொடாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போவது) ஆனது. ஐஸிங்கை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; 2005-06இலிருந்து ஐஸிங் செய்த அணி ஆட்களை மாற்ற முடியாது, களைத்த ஜோடியே தன் பக்கத்தில் ஃபேஸ்-ஆஃபுக்கு (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்குவது) நிற்க வேண்டும். கண்ணாடிக்கு மேலே நேராக வெளியே அடித்துவிட்டால் இன்னும் மோசம், இரண்டு நிமிடம் பெனால்டி.

இன்னொரு இடம் ப்ளூ லைன், அதாவது தடுக்கும் அணியின் பகுதி தொடங்கும் நீலக் கோடு. எதிரணி பக்கைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே நுழைகிறதா, இல்லை அடித்துவிட்டுத் துரத்த வேண்டிய நிலைக்கு அதைத் தள்ளுகிறார்களா என்று பாருங்கள். பக்கோடு நுழைந்தால், அடித்துத் துரத்துவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஷாட் கிடைக்கிறது என்று எரிக் டல்ஸ்கியும் கூட்டாளிகளும் பல ஆட்டங்களைக் கையால் எண்ணிப் பார்த்துக் காட்டினார்கள். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய அந்த டல்ஸ்கி 2024இலிருந்து கரோலினா ஹரிக்கேன்ஸின் பொது மேலாளர். அந்த அணியின் ஜாக்கோப் ஸ்லாவினைப் பத்து நிமிடம் பார்த்தாலே நான் சொல்வது புரியும். மோதல் குறைவு, பெனால்டி அதைவிடக் குறைவு. நீளமான ஸ்டிக்கை நீட்டிக்கொண்டு இடைவெளியை இறுக்கியே ஆளைப் பலகையோரம் ஒதுக்கிவிடுவார். ஆனால் ஒரு பக்கத்து ஆள் இப்படிக் கோட்டிலேயே எழுந்து நிற்க வேண்டுமானால் மற்றவர் இரண்டடி பின்னால் நின்றாக வேண்டும். இருவரும் ஒன்றாக எழுந்தால் அடுத்த வினாடி கோலி தனியாக நிற்பார்.

கை விஷயமும் இருக்கிறது. இடது கை ஸ்டிக்காரர் இடது பக்கம், வலது கை ஸ்டிக்காரர் வலது பக்கம் என்பதுதான் பயிற்சியாளர்களின் ஆசை, பலகையோரம் வரும் பக்கை ஃபோர்ஹேண்டிலேயே (ஸ்டிக்கின் முன்பக்கத்திலேயே) வாங்கலாம் என்பதால். ஆனால் வலது கைக்காரர்கள் கிடைப்பது கஷ்டம், அதனால் விலையும் அதிகம். மற்ற பக்கத்தில் ஆடப் பழகியவர்கள் கொஞ்சப் பேர்தான், டி.ஜே. ப்ரோடி இடது கைக்காரர், கல்கரியில் ஜியோர்டானோவோடும் பிறகு டொராண்டோவில் ரைலியோடும் பெரும்பாலும் வலது பக்கம் ஆடினார். எல்லோருக்கும் அது வராது. ஒரு புதுச் சேர்க்கை சொதப்புகிறார் என்று தோன்றினால் முதலில் அவரை எந்தப் பக்கம் ஆட வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

சேர்க்கை மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு எட்மன்டன் நல்ல உதாரணம். 2023 பிப்ரவரி கடைசியில் மாட்டியாஸ் எக்ஹோமை நாஷ்வில்லிலிருந்து கொண்டுவந்தார்கள், இளம் எவன் புஷாருக்கு ஜோடி ஆக்கினார்கள். புஷாரின் பாஸும் ஷாட்டும் முன்பே இருந்தவைதான், தப்பு செய்வார் என்ற பெயரும் இருந்தது. எக்ஹோம் பக்கத்தில் நின்று மூலை வேலையையும் பின்காவலையும் பார்த்துக்கொண்டதும் அடுத்த பருவத்திலேயே புஷார் 82 புள்ளி எடுத்தார், 2024 ப்ளேஆஃபில் 32. பவர் ப்ளேயில் முன்பு ஆடிய டிஃபென்ஸ்மேன் டைசன் பாரியின் இடம் காலியாகி அதுவும் இவருக்கு வந்தது, அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் ஐந்துக்கு ஐந்தில் அந்த ஜோடி நன்றாகவே இருந்தது. இப்படிப் பிரிப்பதற்கு எளிய வழி, இருவரும் சேர்ந்து ஆடிய நேரம், முதலாமவர் வேறு யாருடனோ ஆடிய நேரம், இரண்டாமவர் வேறு யாருடனோ ஆடிய நேரம் என்று மூன்று வரிசையாக வைத்துப் பார்ப்பது. சேர்ந்து 200 நிமிடம்கூட ஆடாத ஜோடியைப் பற்றி எங்கள் அறையில் யாராவது அடித்துச் சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன், காப்பி எடுக்கப் போய்விடுவேன்.

சில சமயம் பழைய ப்ளஸ்-மைனஸும் சரியாகவே சொல்லிவிடும். குஸ்தாவ் ஃபோர்ஸ்லிங்கை 2021 ஜனவரியில் கரோலினா வேண்டாம் என்று வேவர்ஸில் (மற்ற அணிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில்) போட்டது, ஃப்ளோரிடா யாரையும் கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. ஆரோன் எக்ப்ளாடோடு ஜோடி சேர்ந்தவர், 2023-24இல் ப்ளஸ் 56 என்று லீக்கிலேயே முதலிடம், அந்த வருடமும் அடுத்த வருடமும் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. வீடியோவும் அதையேதான் சொல்கிறது.

வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் ஆரம்பிக்க வேண்டும் என்றால் இரண்டாவது பீரியடில் ஆரம்பியுங்கள். அணிகள் பக்கம் மாறிவிடுவதால் சொந்த வலைக்கும் பெஞ்சுக்கும் தூரம் அதிகம், தன் பக்கத்தில் மாட்டிக்கொண்ட ஜோடி வெளியே வருவது சிரமம், நாற்பது வினாடி ஷிஃப்ட் ஒன்றரை நிமிடம் ஆகிவிடும். பக்கை விட்டுவிட்டு ஒரு ஜோடியை மட்டும் ஐந்து ஷிஃப்ட் தொடர்ந்து பாருங்கள், டிவியைவிட அரங்கில் மேல் இருக்கையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, டிக்கெட்டும் அங்கேதான் மலிவு. ஒருவர் மூலைக்குப் போகும்போது மற்றவர் கால் எங்கே நிற்கிறது, யார் கத்துகிறார், பெஞ்சுக்கு முதலில் போவது யார், போகிறவருக்காக மற்றவர் எவ்வளவு நேரம் தனியாகக் காத்து நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு யாரை விற்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.