காசுக்கு முதலில் உறை வாங்குங்கள்

பழைய உலோகப் பொருட்களைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது என் தொழில். போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நாணய ஆல்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ராணி ரூபாய்கள், வரிசையாகப் பன்னிரண்டு. பக்கத்தைப் புரட்டியதும் புது ரெயின்கோட் வாசனை அடித்தது. உறையிலிருந்து ஒரு காசைத் தள்ளினால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ராணியின் கன்னத்தில் பச்சையாக ஒரு பிசுக்கு.

"வெள்ளியில எப்படிங்க பச்சை வரும்?" என்று கேட்டார்.

வரும். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் வெள்ளி ஏறத்தாழ 91.7 சதவீதம், மீதி செம்பு. மெத்தென்று மடங்கும் பிளாஸ்டிக் உறைகள் பெரும்பாலும் பிவிசி. நாளாக ஆக அது சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். நம் ஊர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அமிலம் செம்பைப் பிடித்ததும் களிம்பு ஏறிவிடும். பதினைந்து வருடம் பீரோவில் பூட்டி வைத்திருந்தாராம். அத்தனை வருடமும் உறையே காசை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால்தான், புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களிடம் லென்ஸுக்கு முன்னால் உறையை வாங்குங்கள் என்று சொல்கிறேன். மைலர் (பிவிசி இல்லாத பாலியெஸ்டர் படலம்) சன்னல் வைத்த இரண்டு அங்குல அட்டை போதும், விலையும் குறைவு. ஸ்டேப்ளர் அடித்த பிறகு பின்னைக் குறட்டால் தட்டையாக அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அதன் முனை பக்கத்து அட்டையைக் கிழித்துக் காசைக் கீறும். நல்ல காசுகளுக்கு அக்ரிலிக் கேப்ஸ்யூல், சரியான விட்டத்தில். லூசாக இருந்தால் உள்ளே ஆடி உரசும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கவே வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். குறுக்கே கறுப்புக் கோடு விழுந்த ரூபாய்கள் என்னிடம் அடிக்கடி வருகின்றன.

அப்புறம், புளி. செம்பு, பித்தளை என்றாலே நம் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு வேண்டாம். கல்லூரி மாணவர் ஒருவர் ராஜராஜன் செப்புக்காசைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆசையாகக் கொண்டுவந்து காட்டினார். அந்தக் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம். மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து இருந்த இடத்தில் லேசான மேடு மட்டும் இருந்தது. ஆயிரம் வருடமாகப் படிந்த பழுப்புப் படலத்தை அழுக்கு என்று நினைத்துவிட்டார். பல காசுகளில் எழுத்தின் விளிம்பே அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். அவரைத் திட்ட மனம் வரவில்லை. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பச்சையிலும் வித்தியாசம் உண்டு. கெட்டியாக, வழுவழுப்பாக, கரும்பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். வெளிர்பச்சையாக மாவு போல உதிர்ந்தால் அது வெண்கல நோய். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசை உள்ளிருந்து தின்கிறது. அதைத் தனியாக எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் மூடி, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் எல்லாக் காசுக்கும் சிலிக்கா ஜெல் வைப்பது நல்லது. நிறம் மாறும் வகை ஜெல் என்றால், நிறம் மாறியதும் அதை மாற்ற வேண்டும்.

மற்றவை எளிது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று: வார்த்து எடுத்த போலிகளில் குமிழிக் குழிகள் அதில் தெரியும். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, விட்டத்தை அளக்க ஒரு வெர்னியர் அளவி, ஒரு காந்தம். 11.66 கிராம் ரூபாய் தேய்ந்து 11.5 காட்டினால் பரவாயில்லை; 10 காட்டினால் சந்தேகப்படுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 1947 ரூபாய் ஒட்டும், அது நிக்கல். போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். துணிக் கையுறை எனக்குப் பிடிக்காது, வழுக்கும். கையைக் கழுவித் துடைத்து, மடித்த துண்டுக்கு மேலே காசின் விளிம்பை மட்டும் பிடித்தால் போதும்.

ஆசிரியரின் ரூபாய்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊற வைத்தேன். சன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் நெருப்பே இல்லாமல்தான் இதைச் செய்ய வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது. அதில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும். தேய்க்கவில்லை. எடுத்து அப்படியே உலர விட்டேன். பத்துக் காசில் பிசுக்கு முழுதும் கரைந்துவிட்டது. மற்ற இரண்டில், களிம்பு போன இடத்தில் ராணியின் கன்னம் முழுக்க ஊசிமுனைக் குழிகள். அவை இனி மூடாது. அவர் அந்த இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புது அட்டைகளை எடுத்து, காசை வைப்பதற்கு முன்பே பென்சிலால் எடையையும் தேதியையும் எழுதத் தொடங்கினார்.