மனநல சிகிச்சை, ஆராய்ச்சி மையத்துக்கு நன்கொடை: வரிச்சலுகையும் விதிகளும்

மனநல மையம் ஒன்றுக்குப் பணம் கொடுக்க நினைப்பவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பணம் சிகிச்சைக்குப் போகிறதா, ஆராய்ச்சிக்குப் போகிறதா என்பதைத்தான். இரண்டும் ஒரே வளாகத்தில் நடக்கலாம். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் அப்படிப்பட்டதுதான். ஆனால் வருமான வரிச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனி வழி வைத்திருக்கிறது. சிகிச்சை, மறுவாழ்வு, தங்குமிடம் போன்ற அறப்பணிகளுக்கு 80ஜி பிரிவு. அறிவியல் ஆராய்ச்சிக்கு 35(1)(ii), 80ஜிஜிஏ. (இவை 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 2026 மார்ச் 31 வரை கொடுத்த தொகைக்குப் பழைய எண்களே பொருந்தும்.)

பலர் தவறவிடுவது இது: புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகைகள் எதுவும் கிடையாது. 2023-24 நிதியாண்டிலிருந்து, நீங்களாக வேறு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள். பழைய முறை வேண்டும் என்று நினைக்கும் சம்பளதாரர், கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கெடு தேதிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்கொடைக்காக மட்டும் முறையை மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

80ஜி-யில் தனியார் அறக்கட்டளைகளுக்குப் பொதுவாகக் கிடைப்பது 50 சதவீதக் கழிவு. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மற்றக் கழிவுகள் போக மீதமுள்ள மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரையிலான நன்கொடைதான் கணக்கில் வரும். அந்த மீதி 6,00,000 ரூபாய் என்றும், நீங்கள் கொடுத்தது 80,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வரம்பு 60,000. அதில் பாதி, 30,000 ரூபாய், வருமானத்திலிருந்து கழியும். 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சமாகும் வரி, 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து, 6,240 ரூபாய். “50 சதவீத விலக்கு” என்று படித்துவிட்டு 40,000 ரூபாய் திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கழிவது வருமானம், வரி அல்ல.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு அறவே இல்லை. அரிசி மூட்டை, கட்டில், வாஷிங் மெஷின் என்று பொருளாகக் கொடுப்பதற்கும் இல்லை. பொருள்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் அந்த மதிப்பைப் பணமாக அனுப்பி, மையமே வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். அவர்களுக்கும் அதுதான் வசதி. நிதி திரட்டும் கச்சேரிக்கு வாங்கிய டிக்கெட்டும், உறவினரின் சிகிச்சைக்குக் கட்டிய கட்டணமும் நன்கொடை ஆகாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் சான்றிதழ் உள்ள உறவினரை நீங்கள் பராமரிப்பவரானால், பழைய வரிமுறையில் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய்க் கழிவு உண்டு. பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. இதற்கான மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கான வழியில் கழிவு 100 சதவீதம், 10 சதவீத உச்சவரம்பும் இல்லை. தொழில் வருமானம் உள்ளவர் 35(1)(ii)-லும், தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர், ஓய்வூதியர் போன்றோர் 80ஜிஜிஏ-யிலும் கோரலாம். ஒரு காலத்தில் 35(1)(ii)-ல் கொடுத்ததைவிடக் கூடுதலாக, 175 சதவீதம் வரை கழித்தார்கள். 2020-21 நிதியாண்டிலிருந்து அது 100 சதவீதம்தான். “ஒன்றே முக்கால் பங்கு கழியும்” என்று இன்றும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த வழி எல்லா மையங்களுக்கும் திறந்ததில்லை. மத்திய அரசு அந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட்டிருக்க வேண்டும். அறிவிக்கையின் எண்ணையும் அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஒரே தொகையை இரண்டு பிரிவிலும் காட்ட முடியாது.

சலுகை கைநழுவுவது பெரும்பாலும் ரசீது விஷயத்தில்தான். மையம் தரும் ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள் மையம் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் கழிவு மறுக்கப்படும். சிலர் யுபிஐ-யில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 10,000 ரூபாய் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். மையத்தின் வங்கிக் கணக்கில் ஒரு பரிவர்த்தனை எண் மட்டும் விழும். யார் அனுப்பியது என்று தேடிக் கண்டுபிடிக்க அங்கே ஆள் இருக்காது. பணம் அனுப்பிய அன்றே பெயர், முகவரி, பான் எண், பரிவர்த்தனை எண் நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மனைவியின் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டுக் கணவர் பெயரில் ரசீது கேட்காதீர்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் மையம் திருத்தப் படிவம் போட வேண்டிவரும்.

“என் பெயர் எங்கேயும் வர வேண்டாம்” என்பவர்களும் உண்டு. கல்வெட்டிலும் ஆண்டறிக்கையிலும் பெயர் வேண்டாம் என்று சொல்வது உங்கள் உரிமை. ஆனால் மையத்தின் பதிவேட்டில் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மையம் 30 சதவீத வரி கட்ட நேரும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர் தன் குடியுரிமையைப் பார்க்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் போதும். ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டுக் குடிமகன் வெளிநாட்டுக் குடிமகன்தான். அவர் பணத்தை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள மையம் மட்டுமே பெறலாம், அதுவும் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் உள்ள அதற்கான கணக்கில் மட்டும். தவறிப்போய் உள்ளூர்க் கணக்குக்கு அனுப்பினால் சிக்கல் மையத்துக்கு.

நிறுவனங்கள் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியை மருத்துவப் பராமரிப்பு என்ற தலைப்பில் தரலாம். மையம் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

வரியைவிட முக்கியமான சரிபார்ப்பு ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அப்படிப்பட்ட காப்பகம் எதற்கும் நம் பணம் போகக் கூடாது. 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டப்படி, மத்திய அரசின் நிலையங்கள் தவிர ஒவ்வொரு மனநல நிலையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வருமான வரித் துறை தந்த 80ஜி சான்றிதழோடு இந்தப் பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். நல்ல மையம் தயங்காமல் காட்டும்.

அதே சட்டம் கொடுப்பவரின் கையையும் கொஞ்சம் கட்டுகிறது. அங்கே சிகிச்சை பெறுபவரைச் சீருடை அணியக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் தன் சொந்த உடையை அணிவது அவர் உரிமை. எனவே ஒரே நிறத்தில் நூறு நைட்டி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய படத்தை ஊடகத்துக்குத் தரக் கூடாது. பிறந்தநாள் சாப்பாடு போட்டுவிட்டு எடுக்கும் குழுப் படத்துக்கும் அவரிடம் கேட்பதுதான் மரியாதை. வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளையும் கொண்டுபோக வேண்டாம். மனநோய் மருந்துகளில் பல மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. எப்படிச் சேமித்து வைத்தது என்று தெரியாத மருந்தைப் பொறுப்புள்ள மையம் யாருக்கும் கொடுக்காது.

எதற்காகக் கொடுப்பது? மூலதன நிதியாகக் கொடுத்தால், அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அசல் முதலீடாக இருக்கும், வட்டிதான் செலவாகும். கட்டடத்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஆள் கிடைத்துவிடுகிறார்கள். சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கும், மருந்தை நிறுத்திவிட்டவரைத் தேடி ஊருக்குப் போகும் பேருந்துச் செலவுக்கும் கிடைப்பதில்லை. மனச்சிதைவில் சிகிச்சை பாதியில் நின்றால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தச் செலவை நாங்கள் முதலிடத்தில் வைப்போம். நிபந்தனை இல்லாமல், மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஒரு சிறு தொகை அதற்குப் பொருத்தம்.

உயிலில் எழுதுபவர் மையத்தின் பதிவுப் பெயரை முழுதாக எழுதி, பான் எண்ணையும் சேர்த்து, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும். பேச்சு வழக்கில் உள்ள சுருக்கப் பெயரை மட்டும் எழுதினால், அதே பெயரில் இன்னோர் அமைப்பு உரிமை கோர வழியிருக்கிறது.