ஓர் உருபும் மூன்று சொற்களும்

செங்கோட்டையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, மாணவர்கள் இடத்தைக் குறிக்கும்போது செய்யும் பிழைகளே மிகுந்த கவலையைத் தருகின்றன. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த இவ்வூரில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள்; இரு மொழிகளிலும் 'இல்' என்னும் உருபு இடப்பொருளைத் தாங்குவதால், இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். அறையில், சாலையில், பேருந்து நிறுத்தத்தில் என்று நாம் ஒரே உருபால் சொல்வதை ஆங்கிலம் முறையே இன், ஆன், அட் என்று பிரித்துச் சொல்கிறது.

சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்த மாணவர், புளியரைச் சோதனைச் சாவடியில் லாரி வரிசையில் காத்திருப்பதைத் தெரிவிக்க 'இன் தி செக்போஸ்ட்' என்று எழுதினார். சரக்குக்கு உரியவரோ, வண்டியைச் சாவடிக்குள் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று எண்ணி, அபராதம் எவ்வளவு என்று கேட்டுப் பதறினார். அங்கு எழுதியிருக்க வேண்டிய சொல் 'அட்'.

எழுதும் முன் 'இல்' என்பதைத் தமிழிலேயே விரித்துப் பாருங்கள் என்று நான் சொல்வதுண்டு. நன்னூல் இடப்பொருளுக்கு 28 உருபுகளைத் தருகிறது. உள், மேல் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். 'உள்ளே' என்று விரிந்தால் இன். பரப்பின் மேலோ கோட்டின் மேலோ என்றால் ஆன். உள்ளும் புறமும் கருதாமல் ஓர் இடத்தைப் புள்ளியாக மட்டும் சுட்டினால் அட். ஆற்றையும் ஆங்கிலம் கோடாகவே காண்பதால், தென்காசி 'ஆன் தி சிற்றாறு' அமைந்த ஊராகும். 'இன்' என்றால் ஊர் தண்ணீருக்குள் போய்விடும்.

வாகனங்களில் இந்த விரிவு முழுமையாக உதவாது. எழுந்து நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றில் பயணம் செய்வதற்கு ஆன் வரும். குனிந்து ஏறி அமரும் காருக்கும் ஆட்டோவுக்கும் இன் வரும். இதைப் பழக்கத்தால்தான் பெற வேண்டும்.

மாணவர்களை மிகவும் குழப்புவது, ஒரே ஊருக்கு இரு சொற்களும் வருவதுதான். இங்கே குடியிருப்பவர் 'இன் செங்கோட்டை' என்பார். கொல்லம் செல்லும் ரயிலோ 'அட் செங்கோட்டை' நின்று செல்லும். குடியிருப்பவருக்கு இது வீதிகளும் வீடுகளும் கொண்ட ஊர்; ரயிலுக்கோ வழியிலுள்ள ஒரு நிறுத்தம்.