கெராச்சுட்டுக்குப் பாட்டியையும் கூட்டிப் போகலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் கிளினிக்கில் சளி, காய்ச்சலோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும். "டாக்டர், கெராச்சுட்ல ஒரு ராத்திரி கூடாரம் போடலாம்னு இருக்கோம். அம்மாவும் வரேங்கிறாங்க. கூட்டிட்டுப் போலாமா?" கெராச்சுட் என்பது பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கடற்கரை. கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் அண்ணன் தம்பி குடும்பங்கள் வந்து இறங்கும் நேரம் அது. பாட்டியை மட்டும் வீட்டில் விட்டுப் போக யாருக்கு மனம் வரும்? அவரும் சும்மா இருக்கமாட்டார். "வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுறேன், இது என்ன பெரிசு?" என்பார்.

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 500க்கு மேல் படிகள் இருப்பது உண்மைதான். ஆனால் தைப்பூசத்தன்று வழிநெடுக யாராவது மோர் கொடுப்பார்கள், தண்ணீர்ப் பந்தலில் உட்கார நாற்காலி இருக்கும், கீழே ஆம்புலன்ஸ் நிற்கும். பாட்டி மயங்கிச் சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கப் பத்துக் கை நீளும். காட்டுப் பாதையில் பந்தல் கிடையாது. கையில் எடுத்துப் போனதுதான் தண்ணீர், கூட வந்தவர்தான் ஆம்புலன்ஸ்.

பினாங்கு தேசியப் பூங்கா 2003ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பந்தாய் ஆச்சே வனக்காப்பகத்தின் பகுதியாக இருந்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து 101ஆம் எண் பஸ் ஏறினால் பூங்கா நுழைவாயில் இருக்கும் தெலுக் பஹாங்கில் கொண்டு விட்டுவிடும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. கெராச்சுட் கடற்கரைக்கு நுழைவாயிலிலிருந்து சுமார் மூன்றரைக் கிலோமீட்டர். கேட்டால் பாடாங் திடலில் நாலு சுற்றுப் போல இருக்கும். ஆனால் 'கடலோரம்' என்று நாம் சொன்னாலும் அந்தப் பாதை கடலை ஒட்டிப் போவதில்லை. காட்டுக்குள் ஒரு மேட்டை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். படி, வேர், ஈரப் பாறை எல்லாம் உண்டு. நன்றாக நடப்பவருக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து அடுத்த கடற்கரையான தெலுக் கம்பிக்குப் போவதென்றால் இன்னொரு மேடு. திரும்பும்போது இதே ஏற்றம் எதிர்ப்பக்கத்திலிருந்து காத்திருக்கிறது. முதல் நாள் சரியாகத் தூங்காத உடம்போடு அதை ஏற வேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்கள் பாம்புக்குப் பயப்படுகிறார்கள், அட்டைக்குப் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் வெக்கைக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும். வியர்வை சருமத்தில் ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. மரக்கூரைக்குக் கீழே காற்று அசையாது, ஈரப்பதம் அதிகம். சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கும், உள்ளே சூடு மட்டும் இறங்காது. நிழலில்தானே நடக்கிறோம் என்ற தைரியம் இங்கே செல்லாது.

அதிலும் எல்லா உடம்பும் ஒன்றல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். ஆகவே மூன்று தலைமுறை சேர்ந்து கிளம்பும் நம் குடும்பத்தில் மாத்திரைப் பை இல்லாத கூட்டம் அபூர்வம். ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் ஏற்கெனவே உப்பையும் நீரையும் இழந்துகொண்டிருக்கிறார். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளும் அப்படித்தான். ஒவ்வாமைக்கோ பயண வாந்திக்கோ எடுக்கும், தூக்கம் வரவைக்கும் சில மாத்திரைகள் வியர்ப்பதையே குறைத்துவிடும். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவருக்கு இன்னொரு சிக்கல். நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும். நடுக்கம், வியர்வை, குழப்பம் எல்லாம் வரும். பார்க்கிறவர்கள் வெயில் களைப்பு என்று நினைத்து நிழலில் படுக்க வைத்துவிடுவார்கள். குளுக்கோமீட்டர் பையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பைக்குள் வேகும் இன்சுலினுக்குச் சூடு ஆகாது என்பதையும் மறக்கக்கூடாது.

எங்களிடம் வந்து சொல்லும் கதைகளில் ஒன்று அடிக்கடி ஒரே மாதிரி இருக்கும். இளசுகள் வேகமாக முன்னால் போய்விடுவார்கள். தண்ணீரெல்லாம் அவர்கள் பையில். பின்னால் வரும் பாட்டிக்கும் பேத்திக்கும் ஆளுக்கொரு சின்ன போத்தல், அது முதல் ஏற்றத்திலேயே காலி. முன்னால் போனவர்கள் கடற்கரையில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, பாதி வழியில் ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்திருப்பார். போன் அடித்தால் சிக்னல் இருக்காது. ஆகவே மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும், தண்ணீர் அவரோடு போக வேண்டும். பையன்களுக்குப் பொறுமை இருக்காது, கொஞ்சம் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

ஏற்றத்தில் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டராவது தேவைப்படும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் இடையிடையே குடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். ஃபார்மசியில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல் தூள்) பொட்டலம் மலிவு, எடையும் இல்லை. அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 100 பிளஸ் பானம் போதாதா என்பார்கள். நடந்து களைத்தவருக்குச் சரிதான், ஆனால் அதில் உப்பு ஓ.ஆர்.எஸ்.ஸை விடக் குறைவு. இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு எவ்வளவு என்று டாக்டர் தனியாகச் சொல்வார்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கூடாரம், அரிசி, அடுப்பு, துணி என்று சேர்த்தால் அப்பாவின் முதுகில் மலை ஏறிவிடும். தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து கெராச்சுட்டுக்குப் போட் போகிறது. சாமான்களையும் மூட்டு வலிக்காரரையும் போட்டில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடந்தே தீருவேன் என்று அடம் பிடிக்கும் அப்பாமார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் கடல் கொந்தளித்தால் போட் வராது; செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை கனமாகக் கொட்டும். திரும்பி வர போட்டை மட்டும் நம்பிப் போகக்கூடாது. வானிலை சொல்லும் மைசுவாச்சா செயலியைப் பார்த்துவிட்டு, பூங்கா அலுவலகத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, காலையிலேயே கிளம்புங்கள். கூடாரம் போட முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

வழியில் ஒருவர் களைத்து, தலைவலிக்கிறது, குமட்டுகிறது என்றால் பையை இறக்கி, சட்டையைத் தளர்த்தி, உட்கார வைத்து ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்தால் பிழைத்தோம், அன்றைய நடை அதோடு போதும். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், நேராக நடக்க முடியாமல் தடுமாறினால் அது வெப்பத் தாக்கம். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கம் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள், நடந்து வருகிறவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். 999ஐ அழைக்க ஒருவரை அனுப்பிவிட்டு, மற்றவர்கள் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடுவது அப்புறம். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். பனடோல் கொடுத்துப் பயனில்லை, இது காய்ச்சல் அல்ல. நினைவு சரியாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

கடற்கரைக்கு வந்ததும் பிள்ளைகள் நேரே தண்ணீருக்கு ஓடும். கெராச்சுட்டில் குளிக்க வேண்டாம் என்று எச்சரிப்பது அலைக்காக மட்டும் அல்ல, ஜெல்லி மீனுக்காகவும்தான். பினாங்குக் கடலில் பெட்டி ஜெல்லி மீனும் உண்டு. கொட்டிவிட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது, சிறுநீர் வைத்தியமும் வேண்டாம். வினிகரை அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை அப்புறம் எடுங்கள். மளிகைக் கடையில் விற்கும் சாதாரண வினிகர் (சூக்கா) ஒரு போத்தல் போதும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான்.

இனிப்பு நீர்க்காரர்களின் பாதம் பற்றித் தனியாகவே எழுதலாம். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுடுமணல் சுடாது, செருப்புக்குள் புகுந்த கல்லும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும், அதுவும் பேரன் சொல்லி. மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ராத்திரி ஒருவர் டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். காலணிக்குப் பெரிய செலவு தேவையில்லை. தோட்டத்தில் நம் தாத்தாமார்கள் பால்மரம் வெட்டப் போட்டுக்கொண்டு போன 'கம்போங் அடிடாஸ்' என்ற ரப்பர் காலணி ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். புது ஜோடியை அன்றுதான் முதல்முறை மாட்டக்கூடாது, அவ்வளவுதான்.

குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குரங்குக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது. மலேசியாவில் இன்று உள்நாட்டிலேயே தொற்றும் மலேரியா பெரும்பாலும் நோலெசி என்ற வகை. காட்டுக் கொசு அதை நீண்ட வால் குரங்கிடமிருந்து மனிதருக்குக் கொண்டு வருகிறது. சபா, சரவாக்கில்தான் அதிகம் என்றாலும் தீபகற்பத்திலும் உண்டு. அந்தி சாயும்போது முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் வேண்டும். நீரோடையில் புண்ணோடு இறங்கியவருக்கு எலிக்காய்ச்சலும் வரலாம். இரண்டுமே போய் வந்த உடனே தெரியாது, ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பியிருப்பார்கள். டெங்கிப் பரிசோதனை எடுத்து, இல்லையென்று வந்ததும் பனடோலோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கூடாரம் போட்டு வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், காட்டில் தங்கினேன், ஓடையில் இறங்கினேன் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மலேரியாவுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்வார்.